பேச்சு கேட்கிறது, பாட்டு ஏன் உடைகிறது?

காதில் கருவி மாட்டியிருக்கும் பெரியவர்களிடம், "இப்போது நன்றாகக் கேட்கிறதா?" என்று கேட்டால், "கேட்கிறது, கேட்கிறது" என்று தலையாட்டுவார்கள். அடுத்து, "பாட்டு கேட்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு முகம் மாறிவிடும். பேரப்பிள்ளை பேசுவது புரிகிறது, செய்தி புரிகிறது, கடையில் காசுக் கணக்குப் புரிகிறது. ஆனால் இருபது வயதில் உருகி உருகிக் கேட்ட பாட்டு, இன்று தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது என்கிறார்கள். சிலர் வானொலியை மூடியே வைத்துவிட்டார்கள்.

எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அங்கத்தில் காது கேளாமை பற்றிப் பேச எடுத்துக்கொண்டபோது, நாங்கள் தயாரித்து வைத்திருந்த கேள்விகள் வேறு. வயதானால் காது ஏன் மந்தமாகிறது, எப்போது பரிசோதனைக்குப் போவது என்ற வழக்கமான கேள்விகள். தொலைபேசி வழி வந்த நேயர்கள் எங்களை அந்தப் பக்கமே போக விடவில்லை. பாட்டு, பஜனை, நாதஸ்வரம், பழைய கருவியை மாற்றலாமா என்பதிலேயே நேரம் முழுவதும் போயிற்று. நேரமின்மையால் அரங்கில் பாதியில் நின்றவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அன்று பேசியவர்களில் 68 வயது அம்மா ஒருவர். பல ஆண்டுகளாக ஒரு கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் தேவாரக் குழுவை நடத்தி வந்தவர். கருவி மாட்டிய இரண்டாம் ஆண்டில் குழுவிலிருந்து விலகிவிட்டார். சுருதிப் பெட்டியைத் தட்டியதும் நாதம் கேட்கிறது. சில விநாடிகளில் அது தேய்ந்து தேய்ந்து காணாமல் போகிறது. பிடிமானம் இல்லாமல் பாடினால் சுருதி விலகுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. தம் குரல்தான் கெட்டுவிட்டது என்று அந்த அம்மா முடிவு கட்டிவிட்டார். வீட்டிலோ மகனும் மருமகளும் போனஸ் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, புது ஜோடி கருவி வாங்கினால் அம்மா மீண்டும் பாடப் போவாரா என்று கேட்டார்கள்.

அரங்கில் இருந்த செவிப்புலன் நிபுணர் உடனே விடை சொல்லவில்லை. "அந்தச் சுருதிப் பெட்டி எத்தனை நேரத்தில் மறைகிறது?" என்று திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருந்தது.

கருவியின் கணக்கில் தம்புராவும் ஏர்கோனும் ஒன்று

காது கேட்கும் கருவி முதலும் முடிவுமாகப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் சிறு கணினி, வரும் ஒலிகளில் எது பேச்சு, எது இரைச்சல் என்று ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கிறது. எப்படிப் பிரிக்கிறது? மனிதப் பேச்சு அசை அசையாக வரும். விநாடிக்கு ஒரு நான்கைந்து முறை ஏறி இறங்கும். மின்விசிறி, ஏர்கோன், சாலை வாகனங்களின் உறுமல் ஆகியவை ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக இருக்கும். ஆகவே சீராக நீடிக்கும் ஒலியைக் கண்டால் "இது இரைச்சல்" என்று கருவி முடிவு செய்து, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடும்.

இப்போது தம்புராவை நினைத்துப் பாருங்கள். அதன் பெருமையே மாறாமல் நிற்பதுதான்! சுருதிப் பெட்டியும் அப்படியே. பேச்சுக்கு நன்மை செய்யும் அதே ஏற்பாடு, பாட்டின் அடித்தளத்தையே உருவி எடுத்துவிடுகிறது. அந்த அம்மாவின் குரலுக்கு எந்தக் கேடும் வரவில்லை. சுருதியைக் கருவி மறைத்துக்கொண்டிருந்தது.

புல்லாங்குழலும் நாதஸ்வரமும் வேறொரு வம்பில் மாட்டிக்கொள்கின்றன. கருவியைச் சரியாகச் செருகாவிட்டால் "கீ...." என்று கத்துமே, அதை நீங்கள் பக்கத்தில் இருப்பவர் காதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியிலிருந்து வெளியேறும் சத்தம் திரும்பவும் ஒலிவாங்கிக்குள் நுழைவதால் வருவது அது. இந்தக் கத்தலை அடக்க நவீனக் கருவிகளில் ஒரு காவலாளி உண்டு. நீண்டு ஒலிக்கும் தனிச் சுரம் ஒன்று வந்தால், அதைக் கத்தல் என்று நினைத்து எதிர் ஒலியை அனுப்பி அழிக்கப் பார்ப்பான். குழலில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால், கூடவே ஒரு நடுக்கமோ, இல்லாத இன்னொரு சுரமோ கேட்பதற்கு இதுவே காரணம். வாசிப்பவர் மீது குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது சத்த அளவு. சாதாரணமாக எதிரே நின்று பேசுவது 60 முதல் 65 டெசிபல். உரக்கக் கத்தினால் 80, 85 வரை போகலாம். இசையோ 100 டெசிபலையும் தாண்டும். தவிலும் நாதஸ்வரமும் பக்கத்தில் முழங்கும்போது அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். போதாக்குறைக்கு, பேச்சின் உச்சங்கள் அதன் சராசரியைவிடச் சுமார் 12 டெசிபல் உயரத்தில் நிற்குமானால், இசையின் உச்சங்கள் 18 டெசிபலோ அதற்கு மேலோ துள்ளும். ஒரு மிருதங்க அடியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் உள்ளே நுழையும் வாசலே 95 டெசிபல் அளவில்தான் கட்டப்பட்டிருந்தது. அதற்கு மேல் வரும் அலையின் தலை வாசலிலேயே வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட பிறகு உள்ளே எந்தப் பொத்தானைத் திருப்பினாலும் அது ஒட்டாது. பாட்டு "கரகர"வென்று கிழிவது இதனால்தான்.

இங்கே ஒரு வேடிக்கையான உண்மையைச் சொல்ல வேண்டும். "நான் முன்பு போட்டிருந்த பழைய கருவியில் பாட்டு இதைவிட நன்றாக இருந்தது" என்று ஒரு பெரியவர் சொன்னால், பிள்ளைகள் "அப்பாவுக்கு எல்லாமே பழசுதான் நல்லது" என்று சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். 1980களின் இறுதியில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மீட் கில்லியன் வடிவமைத்த கே-ஆம்ப் என்ற அனலாக் சுற்று, 115 டெசிபல் வரையிலான ஒலியைச் சிதைக்காமல் வாங்கிக்கொண்டது. 1996இல் வைடெக்ஸ், ஓட்டிகான் ஆகிய டென்மார்க் நிறுவனங்கள் முழு டிஜிட்டல் கருவிகளைக் கொண்டு வந்தன. பேச்சுக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒலியை எண்களாக மாற்றும் அந்த முதல் கட்டத்தில் இசைக்கு வாசல் குறுகிப்போனது. மீண்டும் அந்த வாசலை அகலமாக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2013இல் வெளிவந்த வைடெக்ஸ் ட்ரீம் கருவி 113 டெசிபல் வரை வாங்கும் என்று அறிவிக்கப்பட்டபோது, இசைக் கலைஞர்கள் அதைக் கவனித்தது இதனால்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. கருவி மெல்லிய ஒலியை உயர்த்தி, பெரிய ஒலியை அழுத்தும். காதின் நரம்புச் செல்கள் கெட்டவருக்கு இது தேவைதான். பேச்சுக்காக இந்த அழுத்தல் வெகு வேகமாக வேலை செய்யும்படி வைத்திருந்தால், மிருதங்கத்தில் ஒரு பெரிய அடி விழும்போதெல்லாம் பாடகரின் குரலும் கூடவே அமுங்கி எழும்பும். சுசீலாவின் குரல் மூச்சு வாங்குவதுபோல் கேட்கிறது என்று ஒரு நேயர் சொன்னார். அவர் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது.

அடிக்குரல் எங்கே போயிற்று?

பாட்டு "சப்பென்று" இருக்கிறது, கனமே இல்லை என்பது மற்றொரு முறையீடு. இதற்குக் காரணம் பெரும்பாலும் காதுக்குள் நுழையும் அந்தச் சிறிய சிலிக்கான் குடை. வயதானவர்கள் பலருக்கு மேல்ஸ்தாயிதான் குறைந்திருக்கும், கீழ்ஸ்தாயி ஓரளவு நன்றாகவே கேட்கும். அவர்களுக்கு ஓட்டை வைத்த திறந்த குடையைப் போடுவார்கள். காது அடைத்ததுபோல் இருக்காது, தம் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்காது. மிகவும் வசதியானது. ஆனால் கருவி தரும் அடி ஒலிகள் அந்த ஓட்டை வழியே வெளியே வழிந்துவிடும்.

1 கட்டை சுருதியில் பாடும் ஓர் ஆணின் ஆதார சட்ஜம் ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதற்கும் கீழே. அறையில் நேராக ஒலிக்கும் பாட்டு என்றால், அதே ஓட்டை வழியாக இயல்பான ஒலியும் காதுக்குள் நுழைவதால் பாதகமில்லை. கைத்தொலைபேசியிலிருந்து நேரே கருவிக்குப் பாட்டை அனுப்பிக் கேட்கும்போதுதான் குறை தெரியும். வெளியிலிருந்து நுழைய ஒன்றுமில்லை, உள்ளே இருப்பதோ வழிந்துவிடுகிறது. கைத்தொலைபேசியில் பாட்டு கேட்பதுதான் முக்கியம் என்றால், மூடிய குடை அல்லது காதின் அச்செடுத்துச் செய்த அடைப்பு வேண்டும். அது பாடுபவருக்குத் தொல்லையாகலாம், ஏனென்றால் சொந்தக் குரல் உள்ளேயே முழங்கும். கேட்பவருக்கு ஒன்று, பாடுபவருக்கு வேறு ஒன்று. இதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தொலைக்காட்சி அறிவிப்பாளர்களான நாங்களும் ஒரு காதில் சிறு கருவியைச் செருகிக்கொண்டுதான் வேலை செய்கிறோம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குநர் பேசுவது அதில் வரும். அச்செடுத்துச் செய்தது கச்சிதமாக உட்கார்ந்தால் ஒரு குரல், சற்று நழுவினால் வேறு குரல். அரை மில்லிமீட்டரில் ஓர் ஆளின் குரலே மாறிவிடுவதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். ஆகவே குடை என்பது அற்ப விஷயம் என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

புதிது வாங்கும் முன்...

தேவாரக் குழு அம்மாவுக்கு வருவோம். நிபுணர் சொன்ன யோசனை, இருக்கிற கருவியிலேயே "இசை" என்று தனி நிரல் ஒன்றைப் போடச் சொல்வது. பெரும்பாலான டிஜிட்டல் கருவிகளில் மூன்று, நான்கு நிரல்களுக்கு இடம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். பலருக்கு அந்தப் பொத்தான் இருப்பதே தெரியாது.

அந்த இசை நிரலில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரைச்சல் குறைப்பை நிறுத்த வேண்டும். கத்தலை அடக்கும் காவலாளியை நிறுத்தவோ, மிகக் குறைவாக வைக்கவோ வேண்டும். முன்னால் இருப்பவரை மட்டும் குறிவைக்கும் ஒலிவாங்கியை, எல்லாத் திசையிலும் கேட்கும்படி மாற்ற வேண்டும். அழுத்தல் மெதுவாகவும் மிதமாகவும் இருக்க வேண்டும். உயர்ந்த ஒலிகளைக் கீழே இறக்கித் தரும் வசதி சில கருவிகளில் உண்டு. பேச்சில் "ச", "ஸ" போன்ற எழுத்துகள் பிடிபட அது உதவும். பாட்டில் அதை வைத்துக்கொண்டால் சுரம் இடம் மாறும் என்பதால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். இவை அனைத்தும் கணினியில் செய்யும் மாற்றங்கள். கருவியைப் பொருத்தித் தந்த இடத்திலேயே கேட்கலாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள் என்பது முக்கியம். செவிப்புலன் மையத்தில் இருக்கும் மாதிரி இசை பெரும்பாலும் மேல்நாட்டு இசையாகத்தான் இருக்கும். பியானோ நன்றாகக் கேட்டது என்பதற்காகத் தவில் நன்றாகக் கேட்கும் என்று பொருளில்லை. உங்களுக்கு மனப்பாடமான இரண்டு, மூன்று பாட்டுகளைக் கைத்தொலைபேசியில் கொண்டு போங்கள். குரல் மட்டும் ஓங்கி நிற்பது ஒன்று, வாத்தியம் நிறைந்தது ஒன்று, குழலோ வயலினோ நீண்டு ஒலிப்பது ஒன்று. பாடுகிறவர் என்றால் அங்கேயே பாடுங்கள். அந்த அம்மா சுருதிப் பெட்டியையே பையில் போட்டுக்கொண்டு போனார். காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்களாம். பார்க்கட்டும்.

சில வாரங்கள் கழித்து அவர் மகன் எங்களுக்குத் தெரிவித்தது இது: சுருதி இப்போது நிற்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை போகத் தொடங்கிவிட்டார், இப்போதைக்கு வழிநடத்தாமல் பின்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறார். மேல்ஸ்தாயியில் யாராவது குழல் வாசித்தால் நடுக்கம் இன்னும் இருக்கிறது. போனஸ் பணம் இன்னும் வங்கியில்தான்.

நிரலைத் தொடும் முன்பே பார்க்க வேண்டிய சில்லறை வேலைகளும் உண்டு. குரும்பி அடைத்த வடிகட்டி பாதிப் பாட்டை விழுங்கிவிடும். அதை மாற்றச் செலவு மிகக் குறைவு. நம் நாட்டுப் புழுக்கத்தில் வியர்வையும் ஈரமும் கருவிக்குப் பகை. இரவில் ஈரமுறிஞ்சி போட்ட டப்பாவில் வையுங்கள். கடைசியாகக் காதைப் பரிசோதித்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்றும் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு முந்திய காதுக்குப் பொருத்திய கணக்கில், இன்றைய காதால் கேட்டால் எப்படி இனிக்கும்?

வாசல் குறுகிய பழைய கருவி வைத்திருப்பவர்களுக்குக் கனடாவின் செவிப்புலன் நிபுணர் மார்ஷல் சேசின் சொல்லி வரும் ஒரு மலிவான தந்திரம் இருக்கிறது. இவர் இசைக் கலைஞர்களின் காதுகளையே தம் துறையாகக் கொண்டவர். கருவியின் ஒலிவாங்கித் துளைகள் மீது செலோடேப்பை மூன்று, நான்கு அடுக்காக ஒட்டிவிடுவது! ஏறக்குறைய 10 டெசிபல் வெளியிலேயே தடுக்கப்படும். வாசலில் தலை வெட்டுப்படாது. கச்சேரி முடிந்ததும் பிய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகும் வழியில் யார் பேசுவதும் கேட்காது. வீட்டில் என்றால் டேப்பும் வேண்டாம். வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கருவியின் சத்தத்தைக் கூட்டுங்கள். நம்மவர்கள் செய்வது நேர் எதிர்: வானொலியை வீடு அதிர வைப்பார்கள், கருவியைக் குறைப்பார்கள்.

எப்போது மாற்றுவது?

எல்லாருக்கும் நிரல் மாற்றம் போதாது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஓர் ஐயா, பழைய இசைத்தட்டுகள் சேகரிப்பவர். அவர் கருவிக்கு ஒன்பது வயது. இடைப்பட்ட காலத்தில் காது மேலும் மந்தமாகிவிட்டதால், கருவியைக் கடைசி எல்லை வரை திறந்து வைத்திருந்தார்கள். மேலே ஏற இடமே இல்லை. உதிரிப் பாகமும் வருவதில்லை. இப்படிப்பட்டவருக்கு மாற்றுவதுதான் வழி. பொதுவாக ஒரு ஜோடி ஏறத்தாழ ஐந்து ஆண்டு உழைக்கும் என்று கணக்கு வைக்கிறார்கள், நன்றாகப் பேணினால் கூடவே வரும். வயது ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

மாற்றுவதென்றால் என்ன கேட்க வேண்டும்? "இதில் புளூடூத் இருக்கிறதா?" என்பதையே எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நானாக இருந்தால் அதை மூன்றாவதாகக் கேட்பேன். முதல் கேள்வி, சிதையாமல் எத்தனை டெசிபல் வரை வாங்கும் என்பது. 105க்குக் கீழ் என்றால் நேரடிக் கச்சேரிக்கு யோசிக்க வேண்டும். இரண்டாவது, இசை நிரலில் மேலே சொன்ன வசதிகளை உண்மையிலேயே நிறுத்த முடியுமா என்பது. மலிவு விலை வகைகளில் சிலவற்றில் அவற்றைத் தொட விடமாட்டார்கள்.

திறந்த குடை போடுபவர்கள் தாமதத்தைப் பற்றியும் கேட்கலாம். டிஜிட்டல் கருவி ஒலியை வாங்கிக் கணக்குப் போட்டுத் திருப்பித் தரச் சில மில்லி விநாடிகள் பிடிக்கும். நேராக ஓட்டை வழி நுழையும் ஒலியும், பின்தங்கி வரும் கருவியின் ஒலியும் காதுக்குள் மோதிக்கொள்வதால் ஓர் உலோகச் சாயல் ஏறும். இதற்காகவே 2020இல் வைடெக்ஸ் மொமென்ட் என்ற கருவியில் தாமதத்தை அரை மில்லி விநாடிக்கும் கீழே கொண்டு வந்தார்கள். பெயர் சொல்வது அதை வாங்குங்கள் என்பதற்கில்லை. இப்படி ஒன்று சாத்தியம் என்று தெரிந்தால்தான் கடையில் கேள்வி கேட்க வாய் வரும்.

புளூடூத் விஷயத்தில் ஆண்டுகளைப் பார்த்தால் போதும். ஐபோனிலிருந்து நேரே ஒலி வாங்கும் கருவிகள் 2014இல் வந்தன. ஆண்ட்ராய்டுக்கான வழியைக் கூகல் 2018இல் அறிவித்தது. அதற்கு முந்திய ஜோடி என்றால் கழுத்தில் ஒரு பெட்டி தொங்கவிட வேண்டியிருந்திருக்கும். 2022இல் அறிமுகமான அவ்ராகாஸ்ட் முறையில், ஒரு மண்டபத்தின் ஒலியமைப்பிலிருந்து வேண்டிய பேர் தத்தம் கருவியில் நேரே கேட்கலாம். நம் கோயில் மண்டபங்களுக்கு அது வந்து சேரச் சற்று நாளாகும். அதுவரை தொலைச்சுருள் எனப்படும் பழைய கம்பிச் சுருள் வசதியும் புதுக் கருவியில் இருக்கட்டும். புதியது வந்துவிட்டது என்று சில விற்பனையாளர்கள் அதை விட்டுவிடச் சொல்கிறார்கள். இடத்தை அடைக்கும் என்றாலும், வைத்திருப்பது நல்லது.

ரயில்வே ஐயா புதிய ஜோடியைத் தவணைக் காலத்தில் முயன்று பார்த்தபோது, முதல் வாரம் திட்டித் தீர்த்தார். ஜால்ரா ஊசியாகக் குத்துகிறது, டி.எம்.எஸ். மூக்கால் பாடுகிறார் என்றார். பல ஆண்டுகளாக மூளைக்கு எட்டாதிருந்த உயர்ந்த ஒலிகள் திடீரென்று வந்து சேர்வதால் இப்படித் தோன்றும். மூளை பழகச் சில வாரங்கள் வேண்டும். இரண்டு முறை போய்த் திருத்திய பிறகு, மூன்றாம் வாரத்தில், ஒரு பழைய இசைத்தட்டில் இருந்த வயலின் முதன்முறையாகத் தம் கவனத்துக்கு வந்தது என்று சொன்னார். ஆகவே திருப்பித் தரும் வசதியோடு, குறைந்தது மூன்று, நான்கு வாரம் முயன்று பார்க்க அனுமதிக்கும் இடத்திலேயே வாங்குங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறைக்குப் பக்கத்தில் வந்து சேரும் ஒலியை அளந்து பொருத்துகிறார்களா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் பொருத்துவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதைப் போன்றது. 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டம் பட்டியலிட்டுள்ள துணைச் சுகாதாரத் தொழில்களில் ஆடியோலஜிஸ்ட் தொழிலும் ஒன்று. உங்கள் காதைத் தொடுபவர் ஆடியோலஜிஸ்டா, விற்பனையாளர் மட்டுந்தானா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

விலை சில ஆயிரம் ரிங்கிட்டில் தொடங்கி இருபதாயிரத்தையும் தாண்டிப் போகிறது. கைக்காசைப் போடும் முன் உதவிகளை விசாரியுங்கள். சொக்சோவில் சந்தா செலுத்துவோருக்கு அதன் மறுவாழ்வு உதவியில் காது கேட்கும் கருவியும் அடங்கும். அரசு ஊழியர்களும் ஓய்வூதியம் பெறுவோரும் பொதுச்சேவைத் துறையின் மருத்துவ வசதி வழி விண்ணப்பிக்கலாம். சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு, துணைக் கருவிக்கான உதவி உண்டு. அப்படிப் பதிவு செய்த அப்பா அம்மாவுக்காகவோ, தமக்காகவோ, துணைவர், பிள்ளைக்காகவோ வாங்கினால், ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவுக்கும் இடமிருக்கிறது. உதவிக்கு விண்ணப்பிப்பதென்றால் வாங்குவதற்கு முன்பே செய்யுங்கள். வாங்கிய ரசீதோடு போய் நின்று ஏமாந்து திரும்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

எந்தக் கருவியாலும் முடியாதது ஒன்றும் உண்டு. உட்செவியில் சில செல்கள் முற்றாக அழிந்திருந்தால், அந்த இடத்துக்கு எவ்வளவு ஒலி அனுப்பினாலும் இரைச்சலாகத்தான் கேட்கும். சிலருக்கு ஒரே சுரம் இரு காதிலும் வெவ்வேறு உயரத்தில் ஒலிக்கும். இதைச் சொல்லாமல் "எல்லாம் சரியாகிவிடும்" என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படிப்பட்டவர்கள் வாத்தியம் குறைந்த, தனிக்குரல் பாட்டுகளோடு கூடுதல் சுகம் காண்கிறார்கள். பி.பி.ஸ்ரீநிவாஸ் அவர்களுக்கு நல்ல துணை.

கோயில் திருவிழாவில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். அந்தச் சத்தத்துக்கு மிதமான குறையுள்ள காதுக்குக் கருவி தேவையே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 101 டெசிபலுக்கு வாரத்துக்கு 20 நிமிடம்கூடக் கிடையாது. மண்டபங்களில் ஒலிபெருக்கியைச் சற்றுக் குறைத்தால், கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நல்லது. ஆனால் ஒலிபெருக்கிக்காரரிடம் அதைச் சொல்வது யார் என்பதுதான் தெரியவில்லை!

புதிய ஜோடி வந்தாலும் பழையதை வீசிவிடாதீர்கள். புதியது பழுதுபார்க்கப் போகும் வாரங்களில் அதுதான் கைகொடுக்கும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஈரமுறிஞ்சி டப்பாவில் வையுங்கள். கழற்றிய மின்கலம் பொத்தான் அளவுதான் இருக்கும், மேசைமேல் விட வேண்டாம். குழந்தை விழுங்கினால் மிக ஆபத்து. பேரப்பிள்ளை உள்ள வீட்டில் பூட்டிய இழுப்பறையே அதற்குச் சரியான இடம்.